1 லட்சம் போட்டால் 2,900 கோடியா?! பங்குச் சந்தைச் சட்டங்களுக்குள் இத்தனை கூத்தா... தெரியுமா?

ஆரணி என்றதும் என்ன ஞாபகம் வரும்? பட்டு! அடுத்து? அரிசி! பங்குச் சந்தை ஞாபகம் வருமா? வரவே வராது! ஆனால் பட்டும் அரிசியும் சேர்ந்து உலகச் சந்தைகளில் என்னென்ன ரகளை பண்ணியிருக்கின்றன தெரியுமா? அந்த ரகளைகளை அடக்க என்னென்ன சட்டங்கள் வந்தன தெரியுமா? சிலதைக் கேட்டால் சிரிப்பு வரும். சிலதைக் கேட்டால் தலை சுற்றும்!

திரி அணைந்தால் சந்தை முடிந்தது!

முதலில் அரிசி. ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா சந்தைக்கு 1730-லேயே அரசு அனுமதி கிடைத்துவிட்டது. அரிசிச் சந்தைதான், ஆனால் அங்கே ஒரு மூட்டைகூடக் கண்ணில் படாது! இனிமேல் வரப்போகிற அரிசிக்கு இன்றைக்கே விலை பேசி, வெறும் கணக்கிலேயே வாங்கி விற்றார்கள். இன்று நாம் 'ஃபியூச்சர்ஸ்' என்கிறோமே, அதற்கு முன்னோடி இதுதான்!

சந்தையை மூட மணி அடிப்பார்களா? இல்லை! மரப்பெட்டியில் ஒரு திரியைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். திரி அணையும் நேரத்தில் என்ன விலையோ, அதுதான் அன்றைய முடிவு விலை! அதற்குப் பிறகும் வியாபாரிகள் கலையாமல் கத்திக்கொண்டே இருந்தால்? வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விரட்டினார்கள்! நம் ஊர் அரிசி மண்டியில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

இனி பட்டு. 1830-களில் அமெரிக்காவே பட்டுப் பைத்தியம் பிடித்து அலைந்தது தெரியுமா? பட்டுச் சேலைக்கு அல்ல, பட்டுப்புழு தின்னும் மல்பெரிச் செடிக்கு! செடியை வாங்கு, அடுத்தவனிடம் கூடுதல் விலைக்கு விற்றுவிடு. அவன் அதற்கும் அடுத்தவனிடம் விற்பான்! பட்டு நெய்தார்களா என்றால், அதுதான் இல்லை. 1839-இல் எல்லாம் சரிந்தது. டாலர் கணக்கில் விலை பேசிய செடியைச் சில சென்ட்டுக்குக்கூடச் சீந்த ஆளில்லை!

உலகின் முதல் பங்குக்குப் பின்னால் நம் கரைத் துணி!

1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் பங்கு விற்றது. யார் வேண்டுமானாலும் பணம் போடலாம்! பங்குப் பதிவேடு வைத்திருந்த வீட்டின் வேலைக்காரப் பெண்கூட 100 கில்டர் போட்டாராம்! கம்பெனி அந்தப் பணத்தோடு எங்கெங்கே வந்தது தெரியுமா? வந்த இடங்களில் ஒன்று நம்முடைய பழவேற்காடு! 1613-இல் அங்கே கோட்டையே கட்டிவிட்டார்கள். எதற்கு? சோழமண்டலக் கரைத் துணிக்கு! பட்டு அல்ல, பெரும்பாலும் பருத்திதான். நம் கரைத் தறிகளில் ஓடிய துணியை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். ஆம்ஸ்டர்டாம் பங்குதாரருக்கு லாபம் அதிலிருந்தும் போனது!

அந்தக் கம்பெனிக்கு 1606-இல் எழுதப்பட்ட பங்குப் பத்திரம் ஒன்று 2010-இல் நெதர்லாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. உலகிலேயே நமக்குத் தெரிந்த மிகப் பழைய பங்குப் பத்திரம்! கண்டெடுத்தவர் யார்? ஒரு கல்லூரி மாணவர்!

சரி, பங்கு வந்தால் பின்னாலேயே தில்லுமுல்லும் வரவேண்டுமே? ஏழே வருடத்தில் வந்துவிட்டது! ஐசக் லெ மேர் என்ற வியாபாரி 1609-இல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத பங்குகளை விற்க ஆரம்பித்தார். விலை விழுந்ததும் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம்! கம்பெனி அலறியது. 1610-இல் டச்சு அரசு 'கையில் இல்லாத பங்கை விற்கக் கூடாது' என்று ஆணை போட்டது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்த வந்த உலகின் முதல் சட்டமாகச் சொல்லப்படுவது இதுதான். 400 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உலகம் இன்னும் இதே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறது!

அந்த வி.ஓ.சி. இருக்கட்டும், நம் வ.உ.சி.யின் பங்கு தெரியுமா?

டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயரே வி.ஓ.சி.தான் என்பது தெரியுமா? ஆனால் நமக்கு வி.ஓ.சி. என்றால் ஒரே ஆள்தான்! 1906 அக்டோபர் 16-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை அவர் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 40,000. ஒரு பங்கின் விலை 25 ரூபாய். யார் வாங்கலாம்? இங்கேதான் ஆச்சரியம்! இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவர் மட்டும். வெள்ளைக்காரருக்கு ஒரு பங்குகூடக் கிடையாது! வெள்ளைக்காரன் போட்ட கம்பெனிச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்து, வெள்ளைக்காரனுக்கே கதவைச் சாத்தினார்! ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்கு வாங்கினார். அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு!

கம்பெனி பதிவான ஆறாவது நாள் என்ன நடந்தது தெரியுமா? 1906 அக்டோபர் 22! மதராஸில் வெள்ளைக்காரர்களின் பெரிய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி பணத்தைத் திருப்பித் தர முடியாமல் கதவை மூடிவிட்டது! ஓய்வு பெற்றவர்கள், வக்கீல்கள், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அம்போ! அதன் தலைவர் சர் பட்டம் வாங்கியவர். நீதிமன்றம் விட்டதா? 18 மாதம் கடுங்காவல்! அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. இன்றைக்கும் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற அதே இந்தியன் வங்கி!

சென்னைக்கே சொந்தமாகப் பங்குச் சந்தை இருந்தது தெரியுமா? 1920-இல் 100 உறுப்பினர்களோடு ஆரம்பம். மூன்றே வருடத்தில் மிச்சம் இருந்தவர்கள் எத்தனை பேர்? மூன்றே மூன்று பேர்! மூடிவிட்டார்கள். 1937-இல் மறுபடியும் திறந்தார்கள். 2012-இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஒரு விதி போட்டது: வருடத்துக்கு 1,000 கோடி ரூபாய் வியாபாரம் இல்லாத சந்தைகள் கடையைக் கட்டலாம்! 2015 மே மாதம் சென்னைப் பங்குச் சந்தை முறைப்படி விடைபெற்றது. கோயம்புத்தூர்ப் பங்குச் சந்தை அதற்கும் முன்பே போய்விட்டது. ஆமாம், கோவைக்கும் ஒன்று இருந்தது!

பம்பாய்ச் சந்தையோ இன்றும் இருக்கிறது! அது ஆரம்பித்ததே ஓர் ஆலமரத்தடியில்! 1850-களில் டவுன் ஹால் எதிரே மர நிழலில் நின்றுகொண்டு தரகர்கள் பங்கு விற்றார்கள். 1875-இல் சங்கமாகச் சேர்ந்தபோது நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய்!

விலையை டெல்லி சொல்லும்!

1992 வரை இந்தியாவில் ஒரு கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிட்டால் விலையை யார் வைப்பார்கள்? கம்பெனியா? இல்லை! சந்தையா? இல்லவே இல்லை! டெல்லியில் இருந்த ஓர் அரசு அதிகாரி! 1947-ஆம் வருடச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. சந்தையில் 100 ரூபாய்க்குப் போகக்கூடிய பங்கை '20 ரூபாய்க்குக் கொடு' என்றாலும் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பம் குவியாமல் என்ன செய்யும்?

செபிக்கு வயது என்ன? 1988-லேயே பிறந்துவிட்டது. ஆனால் நான்கு வருடம் பல்லில்லாத பிள்ளை! சட்ட அதிகாரம் வந்தது 1992 ஜனவரி 30-இல். மூன்றே மாதத்தில், ஏப்ரலில், தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழல் வெடித்தது! போலீஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஊரில் பெரிய வீட்டில் கொள்ளை போன கதைதான்!

இன்று அதே செபி என்ன செய்யும் தெரியுமா? கம்பெனியின் உள் ரகசியம் தெரிந்துகொண்டு பங்கு வாங்கினால் அபராதம் குறைந்தது 10 லட்சம். அதிகபட்சம்? 25 கோடி அல்லது அடித்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது பெரிதோ அது! வழக்குப் போட்டால் 10 வருடம் வரை சிறை! காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, ரகசியம் தெரியக்கூடிய அதிகாரிகள் சொந்தக் கம்பெனிப் பங்கைத் தொடவே கூடாது!

'ரகசியம் தெரிந்தவரும் பங்கு வாங்கியவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்' என்று எப்படி நிரூபிப்பது? 2018-இல் ஓர் இடைக்கால உத்தரவில் செபி எதை ஆதாரமாகக் காட்டியது தெரியுமா? ஃபேஸ்புக்கில் போட்ட 'லைக்'! நீங்கள் போடும் ஒவ்வொரு லைக்கையும் யாராவது எண்ணிக்கொண்டிருக்கலாம்!

அதைவிட அதிசயம் வேண்டுமா? 2022 பிப்ரவரியில் செபி போட்ட உத்தரவைப் படித்தவர்கள் மயங்கி விழாத குறை. தேசியப் பங்குச் சந்தையின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவர் பதவியில் இருந்தபோது, சந்தையின் ரகசியத் தகவல்களை ஓர் இமயமலை யோகிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார் என்கிறது அது! உருவமே இல்லாத யோகியாம்! உருவம் இல்லை, மின்னஞ்சல் முகவரி மட்டும் உண்டு! அவர் யார் என்ற விசாரணை சி.பி.ஐ. வரை போனது.

127 லாரி காகிதம்!

சஹாரா வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். மக்களிடம் திரட்டிய 24,000 கோடி ரூபாய்க்கும் மேல் வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்று 2012 ஆகஸ்ட் 31-இல் சஹாரா நிறுவனங்களிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் போட்டவர்களின் ஆவணங்களைச் செபியிடம் கொடுக்க வேண்டும். எப்படி வந்தன தெரியுமா? 127 லாரிகளில்! 31,000-க்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகள்! அவற்றை அடுக்கி வைக்கவே செபி கிடங்கு தேட வேண்டியதாயிற்று!

பத்திரம் என்றால் கம்பெனிப் பங்கு மட்டும்தானா? இல்லை! பலரிடம் பணம் திரட்டி, 'நிர்வாகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், லாபம் மட்டும் உங்களுக்கு' என்றாலே அது செபி சட்டத்துக்குள் வந்து விழலாம். ஆடு வளர்ப்பு, தேக்கு மரம், எதுவாக இருந்தாலும் சரி! 2013-இல் மேற்கு வங்காளத்தில் செபி எதைத் தடுத்தது தெரியுமா? உருளைக்கிழங்குப் பத்திரம்! உருளைக்கிழங்கை வைத்து பாண்டு! நம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் 2012-இல் பட்டபாடு இன்னும் மறந்திருக்காது.

ஆரணிக்கு வந்த 30 சதவீதம்

இப்போது ஆரணிக்கே வருவோம். 2022-இல் தமிழ்நாட்டையே உலுக்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு தெரியும்தானே? சென்னையில் தலைமையகம், வட மாவட்டங்களில் கிளைகள், அதில் ஆரணியும் உண்டு! வாக்குறுதி என்ன? மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை. வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு! சுமார் 1 லட்சம் பேரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது.

பேனாவை எடுங்கள். 1 லட்சம் ரூபாயை மாதம் 30 சதவீதத்தில் போட்டு, வருவதையும் அதிலேயே திரும்பப் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு வருடத்தில் 23 லட்சம்! இரண்டு வருடத்தில் 5 கோடிக்கும் மேல்! மூன்று வருடத்தில் 126 கோடி! நான்கு வருடத்தில்? 2,900 கோடிக்கும் மேல்! ஆத்தாடி! 1 லட்சம் பேரிடம் திரட்டியதாகச் சொல்லப்பட்ட மொத்தத் தொகையையே ஒரே ஒரு ஆளின் 1 லட்சம் தாண்டிவிடுகிறது! இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டரில் இரண்டு நிமிடம் போதும். சேலைக்கு இத்தனை முழம் பாவு, இத்தனை கிராம் ஜரிகை என்று மனசிலேயே கணக்குப் போடுகிற ஊர் இது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் முதல் மாதப் பணம் வந்து விழுந்துவிட்டால் யாருக்குக் கணக்கு நினைவிருக்கும்?

இதைப் பிடிக்கத்தான் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது, தெரியுமா? 1997-இல் வந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம்! பணத்தைத் திருப்பித் தராவிட்டால் 10 வருடம் வரை சிறை. சொத்தை முடக்கலாம், ஏலம் விடலாம். 'மாநிலத்துக்கு இந்த அதிகாரம் ஏது?' என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011-இல் 'சட்டம் செல்லும்' என்று தீர்ப்பு வந்தது! 2019-இல் மத்திய அரசும் தன் பங்குக்கு, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை போட்டது.

ஊர்ச் சீட்டுக்கும் சட்டம் உண்டு தெரியுமா? 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது.

நெசவாளியும் பங்குதாரர்தான்!

சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று ஆரணியைச் சுற்றித் தறி ஓடும் ஊர்கள் எத்தனை! கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த நெசவாளிகள் எல்லோரும் பங்குதாரர்கள்தான், தெரியுமா? கம்பெனியில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. பணக்காரனுக்குப் பத்து லட்சம் ஓட்டு! கூட்டுறவில்? ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு! அம்பானியே வந்து உறுப்பினராகச் சேர்ந்தாலும் அவருக்கும் ஒன்றுதான்! இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், நான் கூட்டுறவுக்குத்தான் கை தூக்குவேன்.

பட்டுக்கூடு விற்கவும் சட்டம் உண்டு தெரியுமா? கர்நாடகத்தில் 1959-லேயே சட்டம் போட்டு, பட்டுக்கூடு வியாபாரத்தை அரசு சந்தைகளுக்குள் கொண்டுவந்தார்கள். ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் இன்று மின்னணு ஏலம் நடக்கிறது!

ஜரிகையின் கதை இன்னும் சுவாரஸ்யம்! அசல் ஜரிகைக்குள் இருப்பது வெள்ளி. அந்த வெள்ளி, மும்பையின் எம்.சி.எக்ஸ். பண்டச் சந்தையில் இரவு 11.30 மணி வரை வியாபாரம் ஆகிறது! குளிர்காலத்தில் 11.55 வரை! பெரிய ஒப்பந்தம் ஒன்றுக்கு 30 கிலோ. சின்னது 1 கிலோ. தறியை நிறுத்திவிட்டு ஊரே தூங்கும் நேரத்தில், நாளைய ஜரிகை விலை அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது! அந்தச் சந்தைக்கும் 2015-லிருந்து செபிதான் காவல்!

அமெரிக்காவை முந்திய இந்தியா!

பங்கை இன்று விற்றால் பணம் எப்போது வரும்? ஒரு காலத்தில் பம்பாயில் 14 நாள் கணக்கு! கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்றால் பத்திரமே திரும்பி வரும். அப்புறம் 5 நாள், 3 நாள், 2 நாள் என்று குறைந்தது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் மறுநாளே! அமெரிக்கா இதற்கு எப்போது வந்தது தெரியுமா? 2024 மே மாதம்! ஒரு வருடத்துக்கும் மேல் நமக்குப் பின்னால்! ஐரோப்பாவும் பிரிட்டனும் குறித்து வைத்திருக்கும் தேதி 2027 அக்டோபர்!

சந்தை ரொம்ப ஆடினால் தானாகவே நின்றுவிடும் தெரியுமா? 10, 15, 20 சதவீதம் என்று மூன்று தடுப்புகள். 2020 மார்ச் 23-இல் கொரோனா பயத்தில் வியாபாரம் 45 நிமிடம் நின்றது. சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி காலி! விழுந்தால் மட்டும்தான் நிற்குமா? ஏறினாலும் நிற்கும்! 2009 மே 18, தேர்தல் முடிவு வந்த பிறகு முதல் வியாபார நாள். சந்தை திறந்தது. சில நொடி! மேலே முட்டி நின்றுவிட்டது! இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். மறுபடியும் சில நொடி! அவ்வளவுதான், அன்றைக்குக் கடை அடைப்பு. 2,110 புள்ளி ஏற்றம், வாங்கத்தான் நேரமில்லை!

திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த தொழில் இன்று என்ன தெரியுமா? எம்.ஆர்.எஃப்.! 2023 ஜூன் 13-இல் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் முதல்முறை! அந்தச் சாதனையை அலட்சியமாகத் தாண்டியது எது? எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்! 2024 அக்டோபர் 29 வரை அதன் விலை 3 ரூபாய் 53 காசு. அன்று? 2,36,250 ரூபாய்! ஒரே நாளில்! ஒரு டீ விலைகூட இல்லாத பங்கு, முகூர்த்தப் பட்டு எடுக்கும் விலைக்கு! காரணம் ஒரு விதி மாற்றம். கம்பெனியிடம் ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள் கொட்டிக் கிடந்தன. பழைய விலைக்கு விற்க யாருமே இல்லை. செபி தனி ஏலம் நடத்தச் சொன்னது. 99 ரூபாய்க்கு 28 பங்கு வைத்திருந்தவர் கையில் 66 லட்சம்!

உடனே எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆப்பைத் திறக்கிறீர்களா? ஒரு நிமிடம்! அங்கே விளையாடிய தனிநபர்களில் 2024-25-இல் நஷ்டப்பட்டவர்கள் எத்தனை சதவீதம் தெரியுமா? 91! மொத்த நஷ்டம் 1,05,000 கோடிக்கும் மேல்! சொன்னது செபியின் ஆய்வு!

கடைசியாக ஒன்று. தாத்தாவின் பீரோவில் பழைய பங்குப் பத்திரம் ஏதாவது கிடக்கிறதா? 2019 ஏப்ரல் முதல் காகிதப் பத்திரத்தைப் பேர் மாற்றி விற்க முடியாது, மின்னணு வடிவத்துக்கு, அதாவது டீமேட்டுக்கு மாற்ற வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பங்கே அரசு நிதியத்துக்குப் போய்விடும்! போனால் போனதுதானா? இல்லை! வாரிசு என்று காட்டி எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். ஐ.இ.பி.எஃப்.-5 என்று ஒரு படிவம், இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!